27 பாகையை 54 ஆக்கினால் கனவளவு இரட்டிக்குமா?

மட்டக்களப்பில் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிற பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: 27 பாகை செல்சியசில் இருக்கிற வாயுவை, அமுக்கத்தை மாற்றாமல், 54 பாகைக்குச் சூடாக்கினால் கனவளவு என்னவாகும்? நிறையப் பேர் "இரண்டு மடங்கு" என்பார்கள். 273 ஐக் கூட்டு என்று ஞாபகப்படுத்தினால் உடனே 300, 327 என்று எழுதி, 9 சதவீதம்தான் கூடும் என்று சரியாக முடித்துவிடுவார்கள். சரி, அந்த 273 எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் வராது. எனக்குக் கவலையே அதுதான்.

செல்சியசின் பூச்சியம் தண்ணீர் உறைகிற இடம், வாயுவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாயு ஒவ்வொரு பாகை சூடாகும்போதும், 0 பாகையில் அதற்கு இருந்த கனவளவின் 273 இல் ஒரு பங்கு கூடுகிறது, குளிர்ந்தால் அதே அளவு குறைகிறது. இதை வரைபில் போட்டு, கோட்டைப் பின்னால் நீட்டிக்கொண்டே போனால் -273.15 இல் கனவளவு பூச்சியமாகும். அங்கிருந்து எண்ணினால்தான் "இரண்டு மடங்கு" என்ற பேச்சுக்கே அர்த்தம் வரும். அங்கிருந்து எண்ணுகிற அளவுதான் கெல்வின்: 27 பாகை அதில் 300, அது 600 ஆக வேண்டும், அதாவது 327 பாகை செல்சியஸ். ஐதரசனோ ஒட்சிசனோ, கோடு அதே புள்ளியை நோக்கித்தான் போகிறது என்பது எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிற விசயம். (அந்தப் புள்ளிவரை எதுவும் வாயுவாக இருக்காது, நைதரசன் -196 இலேயே திரவமாகிவிடும்.)

1783 இல் பாரிசில் ஐதரசன் பலூனில் பறந்த பிரெஞ்சு விஞ்ஞானி சார்ள்ஸ், 1787 அளவில் இதைச் சோதித்தும் வெளியிடவில்லை. 1802 இல் வெளியிட்ட இன்னொரு பிரெஞ்சு விஞ்ஞானி கே லுசாக், இதை முதலில் கண்டவர் சார்ள்ஸ் என்று எழுதினார். பெரிய மனசு.

வீட்டிலேயே பார்க்கலாம். வெறும் கண்ணாடிப் போத்தலின் வாயில் பலூனை மாட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள், பலூன் நிமிரும். உள்ளே காற்று 27 இலிருந்து 87 பாகைக்குப் போனால் கணக்குப்படி 20 சதவீதம் கூட வேண்டும். பலூன் ரப்பர் இறுக்கிப் பிடிப்பதால் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

ஆனால் கல்லடியில் மத்தியான வெயிலில் விட்ட சைக்கிளின் டயர் இறுகுவதை இதற்கு உதாரணம் சொல்லாதீர்கள். டயர் பெரிதாக விரியாது, கனவளவு கிட்டத்தட்ட மாறாமல் அமுக்கம்தான் ஏறுகிறது. அந்தக் கணக்கிலும் ஒரு பூச்சியம் ஒளிந்திருக்கிறது: காற்றடிக்கிற கடை மானி, வெளிக்காற்றைவிட எவ்வளவு கூட என்பதைத்தான் காட்டும். 30 பி.எஸ்.ஐ (அமுக்கத்தின் அலகு) என்றால் வளியின் அமுக்கம் 14.7 ஐயும் சேர்த்து 44.7. டயருக்குள் காற்று 27 இலிருந்து 57 பாகைக்குப் போனால் இந்த 44.7 தான் 10 சதவீதம் கூடும், மானி 34 ஐத் தாண்டும்.