எல்லாக் குழந்தைக்கும் 140

நேற்று லேபர் வார்டில் ஒரு மாணவி, மணி மூன்றுக்கே மூன்றரைக்கான, வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்ட்டோகிராஃபில் (பிரசவம் எப்படிப் போகிறது என்று குறித்துவைக்கும் தாளில்) எழுதி வைத்திருந்தாள். 140. இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாக் குழந்தையும் 140தான்! நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு; அதற்கு நடுவில் பத்திரமான எண் அல்லவா.

திட்ட வாயெடுத்தேன். நானும் படிக்கும்போது இதைச் செய்தவள்தான், அதனால் சரி என்று விட்டுவிட்டேன். அவள் கையை எடுத்து அந்த அம்மாவின் வயிற்றின் மேல்பகுதியில் வைத்து, "பத்து நிமிஷம் எடுக்காதே, எத்தனை வலி வருதுன்னு எண்ணு" என்றேன்.

நாலாவது நிமிடம் நிமிர்ந்து பார்த்தாள். "மேம், கல்லு மாதிரி ஆகுது. அக்கா இன்னும் முனகவே இல்லையே?"

வலி அவருக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவளே அந்த 140ஐ அடித்துவிட்டு, கடிகாரத்தோடு மறுபடி உட்கார்ந்தாள். 152.