நரம்பு திரும்பி வரும் வழி

மணிக்கட்டு தொங்கிய கையுடன் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நரம்பு மறுபடி வருமா, மேடம்?" பெங்களூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யும் என்னிடம் பெரும்பாலும் தமிழில்தான் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஓசூர் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவர்கள், அல்சூரில் தலைமுறைகளாக வாழ்பவர்கள். வருமா, வராதா என்பதில் பாதியை முடிவுசெய்வது செல்களுக்கு வெளியே இருக்கும் ஒரு புரதப் பின்னல்.

நாங்கள் படித்த காலத்தில் அதை இடத்தை அடைக்கும் பொருளாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கொலாஜன், லாமினின் என்று பெயர்களை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், அவ்வளவுதான். அதன் அருமை வேலைக்கு வந்த பிறகே எனக்கு விளங்கியது.

ஒவ்வொரு தசை இழையையும் இந்தப் புரதங்களாலான மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. அடித்தளப் படலம் என்று பெயர். நரம்பு முனைக்கும் தசைக்கும் இடையே சுமார் 50 நானோமீட்டர் இடைவெளிதான்; அந்த இடுக்குக்குள்ளும் படலம் ஓடுகிறது. 1978-இல் சேன்ஸ், மார்ஷல், மெக்மஹான் என்ற ஆய்வாளர்கள் மூவரும் தவளையின் மார்புத் தசையில் ஒரு சோதனை செய்தார்கள். தசை இழைகளைச் சிதைத்து, அவை மீண்டும் முளைக்காதபடி எக்ஸ் கதிர் பாய்ச்சி, நரம்பையும் காயப்படுத்தினார்கள். மிஞ்சியது வெற்று உறை. திரும்ப வளர்ந்த நரம்பு முனைகள், தசையே இல்லாத அந்த உறையில், முன்பு நரம்பும் தசையும் சந்தித்த இடத்திலேயே போய் நின்றன. இழையின் பரப்பில் இந்தச் சந்திப்புக்கு உரியது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். தற்செயலாக அங்கே போய்ச் சேர முடியாது. மறு ஆண்டு மெக்மஹானின் குழு நரம்பை வரவிடாமல் தசையை மட்டும் பழைய உறைக்குள் வளரவிட்டது. அப்போதும், நரம்பின் செய்தியைத் தசையில் வாங்கிக்கொள்ளும் அசிட்டைல்கோலின் ஏற்பிகள் பழைய இடத்திலேயே திரண்டன. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உறையில் பதிந்திருப்பது என்ன என்று தேடிப் போனவர்கள், மின்திருக்கை மீனின் மின் உறுப்பிலிருந்து அக்ரின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். நரம்பு முனை இதைச் சுரந்து படலத்தில் பதிக்கிறது. தசையின் மேலுள்ள எல்ஆர்பி4 என்ற புரதம் இதைப் பற்றிக்கொள்ள, மஸ்க் என்ற நொதி முடுக்கப்பட்டு, ஏற்பிகள் ஓரிடத்தில் கூடுகின்றன. அக்ரின் இல்லாமல் 1996-இல் உருவாக்கப்பட்ட எலிகள் பிழைக்கவில்லை.

நரம்புக்குள்ளும் இதே கதைதான். ஒவ்வொரு ஆக்சானும், அதாவது நரம்புச் செல்லின் நீண்ட இழையும், இதே படலத்தாலான ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. ஹெர்பர்ட் செடன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1943-இல் நரம்புக் காயங்களை வகைப்படுத்தியபோது, ஆக்சான் மட்டும் அறுந்ததையும் உறையோடு சேர்த்து எல்லாமே அறுந்ததையும் தனித்தனியாக வைத்தார். நோயாளிக்கு நம்பிக்கை சொல்வதா வேண்டாமா என்பது எனக்கு அங்கேதான் தெரிகிறது.

மேல்கை எலும்பு முறிந்து, மணிக்கட்டை நிமிர்த்தும் ரேடியல் நரம்பு நசுங்கிய ஒரு கொத்தனாரிடம் இதை விளக்க வேண்டியிருந்தது. சுவருக்குள் பதித்த பைப் உடையாமல் இருந்தால் வயரை மறுபடி இழுத்துவிடலாம் அல்லவா, அண்ணா, உங்கள் நரம்பும் அப்படித்தான் என்றேன். உடனே புரிந்துகொண்டார். ஆக்சான் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளரும். நரம்பு போகும் பாதையில் கீழிருந்து மேலாக விரல் நுனியால் தட்டிக்கொண்டே போவேன். கை முதுகுக்குச் சுரீரென்று ஓடும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, முழங்கை எலும்பிலிருந்து தூரத்தை அளந்து குறித்துக்கொள்வேன். அவருடைய கோடு மாதாமாதம் கீழே இறங்கியது. அதுவரை நான் செய்ததெல்லாம் மூட்டுகள் இறுகாமல் காத்ததும், மணிக்கட்டு தொங்காமல் தாங்கும் ஸ்பிளிண்ட் போட்டதும்தான்.

நான்காம் மாதவாக்கில், கட்டைவிரல் மேலே பார்க்க முழங்கையை மடக்கச் சொன்னேன். முன்கையின் கட்டைவிரல் பக்கம், தோலுக்கடியில் ஓர் இழுப்பு. மணிக்கட்டு நகரவில்லை, அந்தத் தசை மட்டும் துடித்தது. ரேடியல் நரம்பு தேறும்போது முதலில் விழிப்பது அந்தத் தசைதான். "இழுக்கிறது மேடம், இழுக்கிறது" என்று கத்திவிட்டார். கரணை பிடிக்க அதற்குப் பிறகும் வெகுநாள் ஆனது.

கண்ணாடியோ கிரைண்டிங் மெஷினோ வெட்டிய கை அப்படியல்ல. குழாய்களே துண்டாகிவிட்டன. தைக்காமல் விட்டால் ஆக்சான்கள் தழும்பில் சிக்கிச் சுருண்டுவிடும்; தைத்தாலும் சில ஆக்சான்கள் வேறு குழாய்க்குள் நுழைந்துவிடும். சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நார் நரம்பு முழங்கையருகே அறுந்தால், உள்ளங்கைத் தசைகளை எட்ட 25 சென்டிமீட்டருக்கு மேல் வளர வேண்டும். எட்டு, ஒன்பது மாதம் அதிலேயே போய்விடும். 12 முதல் 18 மாதங்களுக்குள் எட்டாவிட்டால் தசை நாராகிக் கொழுப்பேறி, நரம்பை ஏற்கும் தன்மையை இழக்கிறது. இப்படி அறுந்த கைக்கு எண்ணெய் தடவியும் கரண்ட் வைத்தும் ஆறு மாதம் கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. வெட்டுக் காயத்தில் விரல் மரத்துப்போனால் முதல் வாரத்திலேயே நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்துவிட வேண்டும். பிசியோதெரபி அதற்குப் பிறகு.

இரு முனைகளும் எட்டாதபோது கெண்டைக்காலிலிருந்து சூரல் நரம்பை எடுத்து நடுவில் ஒட்டுவார்கள். "அவன் நடக்க முடியாமல் போய்விடுமா அம்மா?" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அது உணர்ச்சி நரம்பு. பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும், நடைக்கு ஒன்றும் ஆகாது. எடுத்த நரம்பின் ஆக்சான்களும் அழிந்துதான் போகும். வேண்டியது அதன் காலிக் குழாய்களும் ஆக்சானைச் சுற்றிப் போர்த்தி அதன் வளர்ச்சிக்கு உதவும் ஷ்வான் செல்களும். செல்களை முழுவதும் நீக்கிய, தானமாகப் பெற்ற நரம்புகளையும் சில நாடுகளில் ஒட்டுகிறார்கள். அவற்றில் மிஞ்சியிருப்பது பின்னல் மட்டுமே. அதைப் பிடித்துக்கொண்டும் ஆக்சான்கள் கடந்து போகின்றன.