ஜவுளிக்கடை ஓவர்டைம் பணம் எங்கள் கைக்கு வந்த விதம்

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்துவிட்டால் காலை 9 மணிக்கு நிற்கத் தொடங்கி இரவு 10 மணிக்குத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம். அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரவு டிபனும் கொஞ்சம் பேட்டாவும் தருவார்கள், அவ்வளவுதான். 2024 தீபாவளி முடிந்தபின் எங்கள் பிரிவுப் பெண்கள் சேர்ந்து ஓவர்டைம் பணத்தைக் கேட்டு வாங்கினோம். தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கம் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் எப்படி என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. தமிழ்நாட்டில் கடைகளுக்கென்று 1947-லேயே சட்டம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி, அதை 8-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. 10,400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 400, மணிக்கு 50, ஓவர்டைம் மணிக்கு 100. காலை 9 முதல் இரவு 10 வரை, சாப்பாட்டு நேரம் ஒரு மணி போனால் 12 மணி நேர வேலை. அதில் 4 மணி நேரம் ஓவர்டைம். அதாவது, ஒரே நாளில் 400 ரூபாய்! இன்னொரு முழு நாள் கூலி அது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் எங்களில் பாதிப் பேருக்குக் கோபமே வந்தது. சட்டப்படி ஓவர்டைமையும் சேர்த்து நாளுக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டியது கடை செய்த தப்பு. அதைக் காட்டி நம் கூலியைப் பிடிக்க முடியாது.

மேனேஜரிடம் கேட்டோம். "மாசச் சம்பளக்காரங்களுக்கு ஓவர்டைம் கெடையாதும்மா, அதான் பேட்டா குடுக்கிறோமே" என்றார். மாதச் சம்பளமானாலும் நாள் கூலியானாலும் சட்டம் ஒன்றுதான். பேட்டா ஓவர்டைமுக்கு ஈடாகாது.

அடுத்து, தொழிற்சங்கத்தில் இருக்கும் ஓர் அண்ணன் சொன்னபடி எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவாக, கூலிப் பாக்கியைக் கோருவதற்கு அப்போது இருந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் எழுதினோம். சிவகங்கையில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்தோம். தனித்தனியாகப் போக வேண்டியதில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சங்கத்துக்காரருக்கு எழுதிக் கொடுத்தால் நம் சார்பில் அவரே பேசலாம். ஆனால் அப்போது 6 மாதக் கெடு இருந்தது. ஆடி மாதப் பணம் கைக்கு வந்திருக்க வேண்டிய நாள் ஆகஸ்ட் தொடக்கம். பொங்கல் முடியட்டும், மாசி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் ஆடிக் கணக்கு அப்படியே போயிருக்கும். ஜனவரியிலேயே கொடுத்துவிட்டோம்.

எல்லாரும் பயந்தது ஆதாரத்துக்குத்தான். கடையின் வருகைப் பதிவேட்டில் தினமும் 8 மணி நேரம் என்றே இருந்தது, கீழே எங்கள் கையெழுத்து வேறு. எங்களிடம் இருந்தவை இரண்டு. "இன்னைக்கு பத்து மணி வரைக்கும் யாரும் கெளம்பக் கூடாது" என்று வாட்ஸ்அப் குழுவில் மேனேஜர் போட்ட செய்திகள் ஒன்று. செல்வி அக்கா என்று நாங்கள் கூப்பிடும் மூத்தவர் தன் டைரியில் எழுதி வைத்திருந்த நேரம் இன்னொன்று. ஆனால் விஷயத்தை முடித்தது பில். ஜவுளிக்கடை பில்லில் நேரமும் விற்றவரின் எண்ணும் அச்சாகும், இன்சென்டிவ் கணக்குக்காக. இரவு 9:40-க்கு என் எண்ணில் சேலை விற்றிருக்கிறது என்றால் நான் வீட்டில் இருந்திருக்க முடியாது. பில் விவரத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கேட்டதும் கடைத் தரப்பின் பேச்சே மாறிவிட்டது. உங்கள் கடையிலும் இப்படித்தான் பில் போடுவார்கள் என்றால் இதை மறக்காமல் கேளுங்கள்.

கோரிய தொகையைத் தவிர இழப்பீடும் விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அது தெரிந்ததும் கடையே சமரசத்துக்கு வந்தது. இழப்பீட்டை விட்டுக்கொடுத்தோம், கூலியில் ஒரு பைசா விடவில்லை. வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும் என்று எழுதி வாங்கினோம். அதில் செல்வி அக்கா உறுதியாக நின்றார், அது சரிதான். கையில் வாங்கினால் எவ்வளவு வந்தது என்பதற்கு நாளைக்குச் சாட்சி இருக்காது.

2025 நவம்பர் 21 முதல் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்குப் பதிலாக ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. இரட்டிப்பு விகிதம் அப்படியே இருக்கிறது, கோருவதற்கான கெடு 3 ஆண்டாகக் கூடியிருக்கிறது. அகவிலைப்படி ஏப்ரல் 1-ஆம் தேதி மாறும் என்பதால் அந்தந்த மாதத்துச் சம்பளத்தை வைத்தே கணக்குப் போடுங்கள். இந்த ஆடிக்கு எங்கள் பிரிவில் எல்லாரும் நேரம் எழுதத் தனி நோட்டு வைத்திருக்கிறோம்.