உப்புநீரில் சுழலும் தண்டுக்கு ஏற்ற உருக்கு

உப்புவெளிக் கரையில் நான் வைத்திருக்கும் பழைய ஜெட் ஸ்கீயின் டிரைவ் ஷாஃப்டில் (எஞ்சினின் சுழற்சியைப் பம்புக்குக் கொண்டுசெல்லும் தண்டில்), எஞ்சினோடு சேரும் முனையில் நீளவாக்கில் வெட்டிய ஸ்ப்ளைன் பற்கள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் தேய்ந்து வழுக்கத் தொடங்கின. அந்த மாதிரிக்கு உதிரிப்பாகம் கிடைக்காததால், கடைச்சல் பட்டறையொன்றில் புதிய தண்டு செய்வித்தேன். படகுகளின் புரொப்பெல்லர் தண்டுகளுக்குப் பழகிய 316 இலக்கத் துருப்பிடிக்காத உருக்கையே நானும் கேட்டேன். அடுத்த பருவம் முடிவதற்குள் அதன் பற்களும் மழுங்கிவிட்டன.

கணக்கு அந்த உருக்குக்குச் சாதகமாகவே இருந்தது. 100 குதிரைவலு எஞ்சின் நிமிடத்துக்கு 7000 சுற்றில் தருவது ஏறத்தாழ 102 நியூற்றன் மீற்றர் முறுக்கு. 22 மில்லிமீற்றர் விட்டமுள்ள தண்டில் அது உண்டாக்கும் தகைப்பு, அதாவது பரப்பளவுக்கு விழும் விசை, சுமார் 49 மெகாபஸ்கால் மட்டுமே. முறுக்கலில் 316 உருக்கு நிரந்தரமாக உருமாறுவதற்கு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் வேண்டும். ஆனால் நிலாவெளிப் பக்கம் அலைமேல் துள்ளும்போது பம்பு காற்றை இழுக்கிறது, சுமையற்ற எஞ்சின் சீறிப் பாய்கிறது, மீண்டும் நீரில் விழும் கணத்தில் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் நீரைச் சட்டென்று பிடிக்கிறது. அந்த அடி ஒவ்வொன்றையும் வாங்குபவை பற்களே. மென்மையான 316 அங்கேதான் தோற்றது.

இ.என். 24 போன்ற கலப்புருக்கு வலிமையில் குறைந்ததல்ல. எனினும் கடல்நீரில் அரிப்பு தோண்டும் ஒவ்வொரு சிறு குழியும் களைப்பு வெடிப்புக்கு (மீண்டும் மீண்டும் விழும் சுமையால் வளரும் வெடிப்புக்கு) தொடக்கமாகிவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். டைட்டேனியம் அரிப்புக்கு அசையாது. ஆனால் அதே விட்டத்தில் உருக்கைவிடக் கூடுதலாக முறுகும், உராயும் பற்களில் ஒட்டிப் பிய்யும், விலையும் எனக்கு எட்டாதது.

இறுதியில் நான் தேர்ந்தது 17-4 பி.எச். எனப்படும் உருக்கு. சூடாக்கி முதிர வைக்கும்போது அதனுள்ளிருக்கும் செம்பு நுண்துகள்களாகப் பிரிந்து உலோகத்தைக் கடினமாக்குகிறது. 482 பாகை செல்சியசில் ஒரு மணிநேரம் வைத்தால் உச்ச வலிமை கிடைக்கும், ஆனால் அந்நிலையில் கடல்நீரில் தகைப்பரிப்பு வெடிப்புக்கு, அதாவது சுமையும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் வெடிப்புக்கு, எளிதில் இடங்கொடுக்கும். ஆகவே 552 பாகையில் நான்கு மணிநேரம் வைக்கும் எச்-1025 நிலையையே கேட்க வேண்டும். அதிலும் 1000 மெகாபஸ்கால் அளவு இளகு வலிமை (நிரந்தரமாக உருமாறாமல் தாங்கும் தகைப்பு) உண்டு. வெப்பமூட்டும்போது தண்டு சிறிதளவு சுருங்கும் என்பதால், ஏற்கெனவே அந்நிலைக்குக் கொண்டுவரப்பட்ட கம்பியை வாங்கி, கடைச்சல் கடினமானாலும் அதிலேயே பற்களை வெட்டச் சொன்னேன்.

காந்தம் இதில் ஒட்டும். அதைக் கண்டு இது நல்ல உருக்கல்ல என்று கரையில் சிலர் உறுதியாகச் சொன்னார்கள். இவ்வகை உருக்கின் இயல்பே அதுதான்.

இதன் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. நீர் உட்புகாமல் தடுக்கும் சீல் வளையத்தின் அடியில் நீர் தேங்கி ஒட்சிசன் குறையும் இடுக்கில், 316ஐ விடவும் இது விரைவில் அரிபடக்கூடும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் நன்னீரால் கழுவுகிறேன். ஒக்ரோபரில் வாடைக்கு முன்னர் தண்டைக் கழற்றும்போது முதலில் பார்க்கப்போவது அந்த வளையம் இருந்த இடத்தைத்தான்.