மார்கழிக்கு முன் நடந்த திருமணமும் மூன்று வரிக் கணக்குகளும்

எங்கள் திருமணம் 2015 டிசம்பர் இரண்டாம் வாரத்தில், மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற பெரியவர்களின் அவசரத்தில், கோயம்புத்தூரில் நடந்தது. என் கணவர் நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த அமெரிக்கக் குடிமகன். விடுப்பு முடிந்து தனியாகத் திரும்பிய அவர், பிப்ரவரியில் வழக்கமான வரிக் கணக்காளர் மூலம் அந்த ஆண்டின் கணக்கைத் தாக்கல் செய்தார். அவர் புதிதாக எதுவும் சொல்லவில்லை, கணக்காளரும் கேட்கவில்லை. கணக்கு ‘திருமணமாகாதவர்’ என்றே போய்விட்டது.

டிசம்பர் 31 அன்று ஒருவர் மணமானவரா இல்லையா என்பதைக் கொண்டே அமெரிக்க வரிச் சட்டம் அந்த ஆண்டு முழுவதற்குமான நிலையை முடிவு செய்கிறது. முகூர்த்தத்தைத் தை மாதத்துக்குத் தள்ளியிருந்தால் அவர் எழுதியது சரியாக இருந்திருக்கும்!

எனது குடியேற்ற விசாவுக்காக ஐ-864 படிவத்தை நிரப்பும்போதுதான் தவறு தெரிந்தது. வறுமைக்கோட்டு வரம்பில் 125 சதவீதத்துக்குக் குறையாத வருமானம் தனக்கு உண்டு என்று ஸ்பான்சர் உறுதியளிக்கும் அந்தப் படிவத்துடன், மிக அண்மைய ஆண்டின் வரிக் கணக்கை இணைக்க வேண்டும். 2015 டிசம்பரில் மணந்ததாகக் குடியேற்றத் துறைக்கு எழுதிக் கொடுத்தவரே அந்த ஆண்டு மணமாகாதவர் என்று வரித் துறைக்குச் சொல்லியிருந்தார்.

1040-எக்ஸ் என்ற திருத்தக் கணக்கைத் தாக்கல் செய்வதே வழி. கூட்டாகத் தாக்கல் செய்வதென்றால், அப்போது இந்தியாவில் இருந்த நான் தனியாக ஒரு வரி எண் வாங்கி, என்னை அமெரிக்கவாசியாகக் கருதுமாறு இருவரும் கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் எனது கோயம்புத்தூர் சம்பளமும் வைப்புநிதி வட்டியும் அங்கே கணக்கில் வரும். ஆகவே ‘மணமானவர், தனித்தாக்கல்’ என்று திருத்தினோம். தனித்தாக்கலில் கல்விக் கடன் வட்டிக்கான கழிவு கிடையாது என்பதால் 2,500 டாலர் கழிவு பறிபோய், அவருடைய 25 சதவீத அடுக்கில் 625 டாலரும் அதற்கான வட்டியும் கட்ட நேர்ந்தது. திருத்தக் கணக்கின் நகலையும், நடந்ததை ஒளிக்காமல் சொல்லும் ஒரு பக்கக் கடிதத்தையும் இணைத்தோம். மும்பையில் நடந்த விசா நேர்காணலில் இதைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

2016 டிசம்பரில் நான் அமெரிக்கா சென்றேன். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறையாததால் எனக்குக் கிடைத்தது இரண்டாண்டு மட்டுமே செல்லும் நிபந்தனை கிரீன் கார்டு (வசிப்புரிமை அட்டை). 2016-க்கான கணக்கையும் கணவர் தனியாகவே தாக்கல் செய்தார். அவருடைய கல்விக் கடன் தவணை வருமானத்தைப் பொறுத்து அமையும் திட்டத்தில் இருந்தது. கூட்டுக் கணக்கென்றால் என் வருமானமும் அதில் சேர்ந்து தவணை ஏறும். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு, 2017-க்கு மட்டும், கூட்டிக் கழித்துப் பார்த்துக் கூட்டாகத் தாக்கல் செய்தோம். கூட்டுக் கணக்கில் கையெழுத்திடும் இருவரில் ஒவ்வொருவரும் முழு வரிக்கும் பொறுப்பாளி என்பதையும், பின்னாளில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு பொதுவாக நீங்காது என்பதையும் புதிதாக வரும் பெண்களுக்கு எவரும் சொல்வதில்லை. நான் படிவத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவை, கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள், 2018 செப்டம்பரில் அனுப்பினோம். கூட்டுக் கணக்கு இல்லையென்றால் மனு நிராகரிக்கப்படும் என்று ஓர் உறவினர் அழுத்திச் சொன்னார். கெடு தேதியிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் தனிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றச் சட்டம் இடம் தருவதால் 2016 கணக்கை மாற்றிவிடுமாறும் வற்புறுத்தினார். மாற்றச் சட்டம் இடம் தருவது உண்மைதான், ஆனால் கூட்டுக் கணக்கு இல்லையென்றால் மனு நிராகரிக்கப்படும் என்று விதி எதுவும் இல்லை. உண்மையான திருமணம் என்பதற்குக் கூட்டுக் கணக்கு நல்ல சான்றுதான், ஆனால் அதுவே ஒரே சான்று அல்ல. தனித்தாக்கல் சட்டம் அனுமதிக்கும் தேர்வு, மணமானபின் ‘மணமாகாதவர்’ என்று எழுதுவதோ பொய். சரியாகத் தாக்கல் செய்த கணக்கை அதிகாரியின் பார்வைக்காக மாற்ற நாங்கள் விரும்பவில்லை. வரித் துறையிடம் இலவசமாகப் பெற்ற டிரான்ஸ்கிரிப்டுகளுடன் (தாக்கல் செய்த கணக்கின் சுருக்கப் பதிவுகள்) வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீட்டுத் தாள்கள் ஆகியவற்றையும், கடன் தவணையின் கணக்கை விளக்கும் கடிதத்தையும் இணைத்தோம்.

கார்டின் காலத்தை 18 மாதங்கள் நீட்டிக்கும் ரசீது வந்தது. 2019 இலையுதிர் காலத்தில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். அதிகாரி 2016 தாளைக் காட்டி, ஏன் தனித்தனி என்று கேட்டார். கணவர் வாய் திறப்பதற்குள் தவணை எவ்வளவு கூடியிருக்கும் என்று நான் சொன்னேன். அதிகாரி குறித்துக்கொண்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார். 2015-ஐப் பற்றிக் கேட்டபோது திருத்தக் கணக்கையும் பணம் கட்டிய சான்றையும் நீட்டினோம்.

2020 பிப்ரவரியில் பத்தாண்டுக் கார்டு அஞ்சலில் வந்தது. அந்த மாதமே 2019-க்கான கணக்கைக் கூட்டாகத் தாக்கல் செய்தோம். கடன் தவணை மறுபடியும் ஏறியது.