சிஜிஎல் ஆங்கிலம்: சீப்பும் பிரஷ்ஷும் வாங்கிக் கொடுத்த மதிப்பெண்

மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் இறுதி முடிவு வந்துவிட்டது. பட்டியலில் என் பெயர் இருக்கிறது. எந்தத் துறை, எந்த ஊர் என்பதெல்லாம் அப்புறம். கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். தேர்வு முறை உங்களுக்கே தெரியும். டயர் 2 என்கிற இரண்டாம் கட்டத் தேர்வில் ஆங்கிலம் மட்டும் 135 மதிப்பெண். ஒரு தப்புக்கு 1 மதிப்பெண் போகும். தமிழ் மீடியத்தில் படித்த பலர் அங்கேதான் வழுக்குகிறோம். அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

மதுரையில் நான் கொஞ்ச நாள் போன பயிற்சி மையத்தில் தடிமனான சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னார்கள். ஃபீஸ் வாங்கினார்கள், பட்டியல் கொடுத்தார்கள், அவ்வளவுதான். வாய்க்குள் நுழையாத அந்தச் சொற்களில் பாதியை எந்தத் தாளிலும் நான் பார்க்கவில்லை. நம் கழுத்தை அறுப்பது அஞ்சாம் வகுப்புச் சொற்கள். தலைவாரும் சாமான் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்: பிரஷ், கோம்.

பிரஷ், என் நோட்டில் உள்ளபடி:

- பிரஷ் அப்: தூசி தட்டுவது. ஏற்கெனவே தெரிந்ததைத்தான் தூசி தட்ட முடியும். புதிதாகக் கற்பதற்கு இது வராது.
- பிரஷ் ஆஃப்: பெரும்பாலும் ஆளைத் தட்டிக்கழிப்பது.
- பிரஷ் அசைட்: விமர்சனத்தை, எதிர்ப்பைப் புறந்தள்ளுவது.
- பிரஷ் பாஸ்ட்: உரசிக்கொண்டு போவது. லீவு நாளில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் புரியும்.
- பிரஷ் வித் டெத்: மயிரிழையில் உயிர் தப்புவது. 'டெத்' இடத்தில் 'த லா' வந்தால் போலீஸில் மாட்டப் பார்த்தது.
- டார்டு வித் த சேம் பிரஷ்: ஒருத்தர் செய்ததற்குக் கூட இருந்தவர்களையும் சேர்த்துக் குறை சொல்வது. ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று எழுதி வைக்காதீர்கள். அங்கே எல்லோருமே மட்டமானவர்கள். இங்கே சிலர் பாவம், அநியாயமாக மாட்டுகிறார்கள்.
- பெயர்ச்சொல்லாக வந்தால் நரியின் வாலும் பிரஷ், காட்டுப் புதரும் பிரஷ். 2024 ஏப்ரல் கடைசியில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காடு எரிந்ததே, அந்த மாதிரிச் செய்தியில் பிரஷ் என்று வந்தால் துடைப்பத்தைத் தேடாதீர்கள்.

இதையெல்லாம் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் நிற்காது, எனக்கு நிற்கவில்லை. பண்ணைக்காட்டில் மிக்ஸி ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர், மோட்டாரைக் கழற்றி, தேய்ந்து நகம் அளவுக்கு வந்த கரித்துண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "பிரஷ் போயிடுச்சு தம்பி" என்றார். ஒரு முடிகூட இல்லாத கரிக்கட்டைக்கு எதற்கு அந்தப் பெயர்? சுற்றுகிற கம்யூட்டேட்டர் மேல் உரசியபடியே மின்சாரத்தைக் கடத்துவதுதான் அதன் வேலை. ஆரம்ப காலத்தில் அந்த இடத்தில் செப்புக் கம்பிக் கத்தையைத்தான் வைத்தார்களாம். கம்பி போய்க் கரி வந்தும் பெயர் போகவில்லை. 'உரசல்' என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். மேலே உள்ளதில் முக்கால்வாசி அதற்குள் அடங்கிவிட்டது.

கோம் வேறு. அதற்குப் பல்தான் முக்கியம். சேவல் கொண்டை கோம், பல் பல்லாக இருப்பதால். திண்டுக்கல் மில்லில் வேலை பார்க்கும் அக்கா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கோம்பர் மெஷினைப் பற்றிக் கேளுங்கள்: குட்டை இழைகளைக் கழித்து, நீளமானவற்றை ஒரே வாக்கில் படியவைக்கும். அதில் வருவதுதான் கோம்டு நூல். ஃபைன் டூத் கோம் என்றால் பாட்டி வைத்திருந்த ஈருளியேதான். ஒன்று விடாமல் துருவிப் பார்ப்பது. அதன் அண்ணன் தம்பி, போலீஸ் காட்டுக்குள் நடத்தும் தேடுதல் வேட்டை. உச்சரிப்பில் 'பி' வராது என்றாலும் நம் ஊரில் அது என்றைக்கும் 'கோம்பிங்'தான். பளியர்கள் பாறையில் ஏறி எடுக்கும் மலைத்தேனின் அடையும் கோம். இது மட்டும் பல் கணக்குக்குள் வரவில்லை, அப்படியே விழுங்கிவிட்டேன்.

ஒரு பொறி: விருப்பாட்சி மலைவாழையைச் சீப்பு சீப்பாக வாங்குகிறோம் என்று அங்கே கோம் போடாதீர்கள். ஆங்கிலத்தில் தார் பஞ்ச், சீப்பு ஹேண்ட், ஒற்றைப் பழம் ஃபிங்கர்.

ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். குரூப் ஸ்டடி வேண்டாம், ஊர்க்கதையில் போய்விடும். சிலருக்கு ஒத்துவரலாம், எனக்குச் சத்தம் ஆகாது.

மற்றவை:

- தேர்வுக்கு முதல் நாளே மலை இறங்கிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்துவிட்டுக் கணக்குப் போட முடியாது.
- டயர் 2-இல் வரும் டைப்பிங் டெஸ்டை அலட்சியம் செய்யாதீர்கள். 15 நிமிடத்தில் 2000 முறை கீயைத் தட்ட வேண்டும். போனில் தட்டிப் பழகிய விரல் கீபோர்டில் திணறும். பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் இல்லாதவர்கள் பழைய கீபோர்டு ஒன்றை ஓடிஜி கேபிளில் போனோடு மாட்டிப் பழகலாம். நான் அப்படித்தான் பழகினேன்.