துவரை சோளத்துக்கு ஊட்டி விடுவதில்லை

பயறையும் தானியத்தையும் ஏன் சேர்த்து விதைக்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. பயறு காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, இழுத்துப் பக்கத்தில் நிற்கிற தானியத்துக்குக் கொடுக்கும் என்பார்கள். நானும் பல வருடம் அப்படியே நம்பினேன், கேட்டவர்களுக்கும் அதையேதான் சொன்னேன். அதில் பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல் விதைத்துவிட்டு, "இயற்கை விவசாயத்தில் ஊடுபயிர் எல்லாம் சும்மா" என்று கைவிட்டவர்களைப் பார்த்திருப்பதால் இதை எழுதத் தோன்றியது.

பயறு வேரில் இருக்கும் முடிச்சுகளுக்குள் ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கிறது, அதுதான் காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றபடி மாற்றுகிறது. ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1888-லேயே இதை நிறுவிவிட்டார்கள். ஆனால் அப்படிப் பிடித்த தழைச்சத்தில் அதே பருவத்தில் பக்கத்துச் செடிக்கு நேரடியாகப் போவது பெரும்பாலும் கொஞ்சம்தான். தானியத்துக்குக் கிடைக்கிற பெரிய லாபம் வேறு இடத்திலிருந்து வருகிறது. தானியத்தின் வேர் வேகமாகப் பரவி மண்ணில் இருக்கிற தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும், பயறு அந்தப் போட்டியில் தோற்று, வேறு வழியில்லாமல் காற்றை நம்பி வாழும். ஒரே பயிராக விதைத்த வயலில் ஒரு தானியச் செடிக்குச் சுற்றிலும் அதே பசியுள்ள செடிகள், கலப்பில் அதன் பக்கத்தில் நிற்பது மண்ணை அவ்வளவாகத் தொடாத ஒன்று. பட்டாணியோடு வளர்ந்த பார்லி, கோதுமை மணிகளில் புரதம் கூடுவதற்கும் இதுதான் காரணம்.

இது புரிந்தால் விதைக்கும் முன் போடுகிற அடியுரத்தில் கை தானாகவே அடங்கும். நான் செய்த பெரிய தவறு அங்கேதான். இரண்டு பயிர் ஆயிற்றே, இரண்டுக்கும் சேர்த்துப் போடுவோம் என்று ஒரு பருவம் நன்றாக மக்கிய தொழுவுரத்தைத் தாராளமாகக் கொட்டினேன். சோளம் கருகருவென்று எழுந்து தட்டைப்பயறை அமுக்கிவிட்டது, பூக்கும் சமயத்தில் தட்டைப்பயறைத் தோண்டிப் பார்த்தால் முடிச்சுகள் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தன. பாக்டீரியாவுக்குச் செடி தன் சர்க்கரையைக் கொடுத்து வளர்க்க வேண்டும், மண்ணிலேயே தழைச்சத்து எளிதாகக் கிடைத்தால் அந்தச் செலவை அது ஏன் செய்யப் போகிறது? மேலே நிழலும் விழுந்தால் கொடுப்பதற்குச் சர்க்கரையும் இருக்காது.

முடிச்சைப் பார்க்கும்போது செடியைப் பிடுங்காதீர்கள், பாதி முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்ணோடு தோண்டி எடுத்துத் தண்ணீரில் அலசி, நாலைந்து முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பயறு இதுவரை வளராத நிலமாக இருந்தால் அதற்கு உரிய ரைசோபியத்தால் விதை நேர்த்தி செய்வது அவசியம், சோயாவுக்கு ஒத்துப்போகிற இனம் வேறு, பட்டாணிக்கு ஒத்துப்போவது வேறு.

தழைச்சத்தையே பேசிக்கொண்டிருப்பதால் மற்ற கொடுக்கல் வாங்கலை மறந்துவிடுகிறோம். கொண்டைக்கடலை போன்ற பயறுகளின் வேர் அங்கக அமிலங்களைச் சுரந்து, மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைத்து விடுகிறது, அதில் பக்கத்துத் தானியத்துக்கும் பங்கு உண்டு. இதற்கு எதிர்த்திசையில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் நிலக்கடலை இரும்புச்சத்து எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகி நிற்கும், அதே மண்ணில் மக்காச்சோள வரிசையை ஒட்டி வளர்கிற நிலக்கடலை பச்சையாக இருக்கும். புல் குடும்பத்துப் பயிர்கள் இரும்பைப் பிடித்து இழுக்கிற ஒரு பொருளை வேர் வழியாக வெளியே விடுகின்றன, அதனால் கடலைக்கும் இரும்பு கிடைக்கிறது. கொடுப்பது பயறு, வாங்குவது தானியம் என்று நாம் போட்டு வைத்திருக்கிற கணக்கு இங்கே பொருந்துவதே இல்லை.

சரி, எதோடு எதைச் சேர்ப்பது? என்னைக் கேட்டால் முதலில் வயதைப் பாருங்கள். சோளமும் துவரையும் இத்தனை நன்றாகப் பொருந்தக் காரணம், துவரை முதல் இரண்டு மாதம் மெதுவாக, இருப்பதே தெரியாமல் வளரும், அந்த நேரத்தில் சோளம் வெளிச்சத்தையும் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு மூன்றரை மாத வாக்கில் அறுவடையாகிப் போய்விடும், அப்புறம் ஆழமாக வேர்விட்ட துவரைக்கு வயல் முழுக்கச் சொந்தம். உளுந்து போன்ற குறுகிய வயதுப் பயறு என்றால் கதை தலைகீழ், தானியம் உயர்ந்து மூடுவதற்குள் அது தன் வேலையை முடித்தாக வேண்டும், அதற்குத் தானியத்தை இரட்டை வரிசையாக நெருக்கி விதைத்து நடுவில் வெளிச்சம் விழ இடம் விடுவது நல்லது. பட்டாணி மாதிரிக் கொடிக்குப் பார்லி முட்டுக்கொடுக்கும், சாயாது, களையும் குறையும்.

இரண்டும் ஒரே நேரத்தில் முற்றாவிட்டால் அறுவடை தொல்லைதான், அதை மறைக்க மாட்டேன். கலந்து அறுத்தால் சல்லடையில் பிரிக்கிற அளவுக்கு மணியின் பருமனில் வித்தியாசம் இருக்கிறதா என்பதை விதைக்கும் முன்பே பாருங்கள்.

அறுவடைக்குப் பிறகு பயறுச் செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் அறுங்கள். பிடித்த தழைச்சத்தில் பெரும்பங்கு மணிகளோடு போய்விடுகிறது, இலையும் தண்டும் சேர்ந்து வெளியேறினால் அடுத்த பயிருக்கு மிஞ்சுவது சொற்பம். கோதுமை வைக்கோலில் 1 பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 80 பங்கு கரிமம் இருக்கிறது, அதை மட்டும் உழுதுவிட்டால் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே தழைச்சத்தைக் கடன் வாங்கும். பயறு இலை கலந்தால் அந்தக் கடன் குறைந்து, மக்குவதும் வேகமாகும்.

விளைச்சலை எப்படி ஒப்பிடுவது என்று கேட்பவர்களுக்கு: தனியாக விதைத்த சோளம் 10 மூட்டை, அதே அளவு நிலத்தில் கலப்பில் 8 மூட்டை, துவரை தனியாக 5, கலப்பில் 3 என்று வைத்துக்கொள்வோம். 0.8-ஐயும் 0.6-ஐயும் கூட்டினால் 1.4, அதாவது கலப்பில் 1 ஏக்கர் தருவதைத் தனித்தனியாக எடுக்க 1.4 ஏக்கர் வேண்டும். சோளம் 2 மூட்டை குறைந்ததை மட்டும் பார்த்துக் கலங்கிப்போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு வயல் ஓரத்தில் இரண்டையும் தனித்தனியாக ஒரு சிறு பாத்தியில் விதைத்து வையுங்கள், ஒப்பிட அது இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.